கேஷுவாலிட்டில குடி, மாத்திரை பத்தி ஏன் கேக்குறாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டுல ஒரு அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஸ்டாஃப் நர்ஸ். அடிபட்டு வந்தாலும் சரி, நெஞ்சுவலின்னு வந்தாலும் சரி, "குடிப்பழக்கம் உண்டா, வேற ஏதாவது போதை, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எடுத்துக்கிறீங்களா"ன்னு கேப்போம். கேட்டதும் பாதி பேருக்கு முகம் சுருங்கிடும், கூட வந்தவங்களுக்குக் கோபம் வரும், சில பேர் பொய் சொல்லிடுவாங்க, அந்தப் பொய்யால உயிருக்கே ஆபத்தானதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். அதனால எங்ககிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

கால் ஒடிஞ்சு வந்தவர்கிட்ட குடிப்பழக்கம் பத்தி எதுக்குக் கேக்கணும்? கட்டுப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?

இதுக்குத்தான் பெரிய பதில் சொல்லணும். ஒரு ஆட்டோ ஓட்டுற அண்ணன், நாப்பது வயசு இருக்கும், தொடை எலும்பு முறிஞ்சு வந்தாரு. குடிப்பாரான்னு கேட்டதுக்கு அவர் வாயைத் திறக்கல, வீட்டம்மா "அதெல்லாம் எப்பவாவது விசேஷத்துக்குத்தான் சிஸ்டர்"னு சொல்லிட்டாங்க, நாங்களும் அப்படியே கேஸ் ஷீட்ல எழுதிட்டோம். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தாரு. மூணாவது நாள் ராத்திரி பெட்ஷீட்டை ஒவ்வொரு நூலா பிடுங்குற மாதிரி விரலால கிள்ளிக்கிட்டே இருந்தாரு, கேட்டா எறும்பு ஊருதுங்கிறாரு, கொஞ்ச நேரத்துல ஸ்டாண்டுல சவாரி நிக்குதுன்னு டிரிப்ஸைப் பிச்சு எறிஞ்சுட்டு ஒடிஞ்ச காலோட எழுந்திரிக்கப் பார்த்தாரு. உடம்பெல்லாம் வேர்வை, நாடித் துடிப்பு 140. அப்பத்தான் அந்தம்மா அழுதுகிட்டே சொன்னாங்க, பதினஞ்சு வருஷமா தினமும் ரெண்டு குவார்ட்டர்னு.

தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா, கடைசியா குடிச்சதுல இருந்து 6 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், 48ல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள அந்த அண்ணனுக்கு வந்த மாதிரி புத்தி பேதலிக்கிற நிலை வரலாம், அதைக் கவனிக்காம விட்டா உயிரே போகும். ஆஸ்பத்திரில படுத்தா குடி நின்னுபோகுது இல்லையா, அதனால இது வீட்டுல வர்றதை விட வார்டுலதான் அதிகமா வெடிக்குது. முதல் நாளே தெரிஞ்சிருந்தா நடுக்கம், வேர்வை, பதட்டத்துக்கெல்லாம் மார்க் போட்டு லோராஸிபாம் மாதிரி மருந்தை அளவா குடுத்திருப்போம், குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி போட்டிருப்போம். தயமின் இல்லாம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா, வருஷக்கணக்கா குடிச்சு உடம்பு காஞ்சுபோனவங்களுக்கு மூளை பாதிக்கலாம். அந்த அண்ணன் பொழைச்சுட்டாரு. ஆனா ஆபரேஷன் தள்ளிப்போச்சு, எங்க வார்டுல நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ராத்திரி இன்னும் என் கண்ணுல இருக்கு.

சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேக்குறோமே, அதே மாதிரிதான் இதுவும். எந்த ஊசி போடலாம், எதைப் போடக்கூடாது, எத்தனை மணி நேரம் கவனிக்கணும்னு முடிவு பண்றதுக்கான கேள்வி.

ஆளைப் பார்த்தாலே தெரியாதா? எல்லார்கிட்டயும் ஏன் கேக்குறீங்க?

தெரியாது. பார்த்துத்தான் கேக்கணும்னா அழுக்கு லுங்கி கட்டினவர்கிட்ட மட்டும் கேப்போம், இஸ்திரி போட்ட சட்டைக்காரரை விட்டுடுவோம். 2019ல எய்ம்ஸ் மூலமா மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 10 வயசுல இருந்து 75 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 14.6 சதவீதம் பேர் குடிக்கிறாங்க, அதாவது ஏறக்குறைய 16 கோடி பேர். இத்தனை கோடி பேருக்கும் ஒரே மாதிரி முகம் இருக்குமா? பெண்கள்ல 1.6 சதவீதம்னு வந்திருக்கு, சதவீதம் கம்மிதான், ஆனா பொம்பளைங்ககிட்ட யாரும் கேக்குறதே இல்லங்கிறதால அவங்க நோய் முத்தினப்புறம்தான் வர்றாங்க.

அப்புறம் பாட்டிங்க. தூக்கம் வரலைன்னு எப்பவோ ஒரு டாக்டர் எழுதிக்குடுத்த அல்பிரசோலம் மாத்திரையை ஏழெட்டு வருஷமா பழைய சீட்டைக் காட்டியே வாங்கிப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு வருவாங்க, "போதை"ன்னு நாம கேட்டா கோவிச்சுக்குவாங்க, "தூங்குறதுக்கு ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களாம்மா"ன்னு கேட்டா சொல்லிடுவாங்க. அதையும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். எப்படிக் கேக்குறோம்ங்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

என்னென்ன கேப்பீங்க?

உலக சுகாதார நிறுவனம் ஆடிட், அஸிஸ்ட்னு ரெண்டு கேள்வித்தாள் குடுத்திருக்கு. ஆடிட் குடிக்கு மட்டும், பத்து கேள்வி. அதுல முதல் மூணு மட்டும் எடுத்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்: எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை குடிக்கிறீங்க, குடிக்கிற அன்னிக்கு எவ்வளவு, ஒரே மூச்சுல நிறைய குடிக்கிறது எத்தனை தடவை. 12 மார்க்குக்கு ஆம்பளைங்களுக்கு 4, பொம்பளைங்களுக்கு 3 வந்தாலே அடுத்த கேள்விக்குப் போகணும். அஸிஸ்ட்ல எட்டு கேள்வி, புகையிலையில இருந்து கஞ்சா, தூக்க மாத்திரை, ஊசி வரைக்கும் வரும், கடந்த மூணு மாசத்துல எப்படின்னு முக்கியமா கேக்கும். குடிக்கு 11, மத்ததுக்கு 4 மார்க் வந்தா நடுத்தர ஆபத்து, 27ஓ அதுக்கு மேலயோ வந்தா கட்டாயம் சிகிச்சைக்கு அனுப்பணும்.

இதுல ஒரு சிக்கல், அந்தத் தாள்ல "ஒரு டிரிங்க்"னு இருக்கும், அது 10 கிராம் ஆல்கஹால். நம்ம ஊர்ல யார் அப்படி அளந்து குடிக்கிறாங்க? "ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்"னு சொல்லுவாங்க. 180 மில்லி குவார்ட்டர்ல 42.8 சதவீதம் ஆல்கஹால்னு போட்டிருக்கும், கணக்குப் போட்டா 60 கிராம் வருது, அதாவது ஆறு டிரிங்க். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா, நாலு. "ஒண்ணே ஒண்ணு"ன்னு சொல்றதை ஒண்ணுன்னு எழுதிட்டா மொத்த மார்க்கும் தப்பாயிடும், புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லிக்குடுக்கிறதே இந்தக் கணக்குதான்.

அம்மா அப்பா பக்கத்துல நிக்கும்போது கேட்டா எப்படிச் சொல்றது?

சொல்ல முடியாதுதான், அது கேக்குறவங்க தப்பு. கூட வந்தவங்களை "ஓ.பி. சீட்டுல ஒரு சீல் வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டுத்தான் கேக்கணும். அப்படிச் செய்யலைன்னா நீங்களே "சிஸ்டர், தனியா ஒரு விஷயம்"னு சொல்லுங்க, போதும், எங்களுக்குப் புரிஞ்சிடும். கூட்டத்துல இது எல்லா நேரமும் நடக்குறதில்ல, ஒரே ரூம்ல எட்டு கட்டில் கிடக்கும், பக்கத்துக் கட்டில்காரங்க காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க, ஸ்கிரீன் இழுத்து மூடிட்டு மெதுவாக் கேக்குறதுக்குக் கூட சில இடத்துல ஆள் இல்ல. இது மாறணும்னு ரொம்ப நாளா எங்களுக்குள்ள பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

உண்மையைச் சொன்னா போலீஸ்ல சொல்லிடுவீங்களா?

விபத்து, அடிதடி, விஷம், ஓவர்டோஸ்னு வந்தா ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டுல பதிவு போடுவோம், போலீசுக்குத் தகவல் போகும். அது நீங்க பேசினாலும் பேசாட்டியும் போகுறது, மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா "எனக்குக் கஞ்சா பழக்கம் இருக்கு"ன்னு டாக்டர்கிட்ட சொன்னதுக்காக யாரும் போலீசைக் கூப்பிட மாட்டாங்க. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துலயே 64ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உபயோகிச்சதுக்காகவோ கொஞ்சமா வச்சிருந்ததுக்காகவோ கேஸ் வந்த ஒருத்தர் தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து விலக்கு உண்டு, ஆனா சிகிச்சையைப் பாதில விட்டுட்டா அந்த விலக்கு போயிடலாம். வண்டி ஓட்டினவருக்கு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம், அது தனி விஷயம், அதை இதோட குழப்பிக்க வேண்டாம்.

தற்கொலை முயற்சின்னு வந்தவங்களுக்கும் இந்தப் பயம் இருக்கும். 2017ல வந்த மனநலச் சட்டத்தோட 115ஆவது பிரிவு, அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது. அதனால எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்குன்னு பயப்படாம சொல்லுங்க.

இன்சூரன்ஸ் கிடைக்காமப் போயிடுமே?

நேர்மையாச் சொல்றேன், இந்தப் பயத்துல நியாயம் இருக்கு. நிறைய பாலிசியில குடி, போதை சம்பந்தமான சிகிச்சையும் அதனால வர்ற விளைவும் கவர் ஆகாதுன்னு ஒரு ஷரத்து இருக்கும். அதுக்காக டாக்டர்கிட்ட மறைக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு மேல சொன்ன ஆட்டோ அண்ணன் கதையிலயே இருக்கு. பழக்கம் இருக்கிறதும், இன்னிக்கு வந்த நோய் அதனாலதான் வந்ததுங்கிறதும் வேற வேற. டிஸ்சார்ஜ் சம்மரில காரணத்தைச் சரியா எழுதச் சொல்லிக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

யூரின் டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமே, வாயால ஏன் கேக்கணும்?

எல்லாம் தெரியாது. சாதாரண கிட் ஹெராயின், மார்ஃபின் வகையைக் காட்டும், டபென்டடால், டிரமடால், ஃபென்டானில் மாதிரி போதை தர்ற வலி மருந்து அதுல விழாது. கஞ்சா வாரக்கணக்குல காட்டும், அதனால பாசிட்டிவ் வந்தா இப்ப போதையில இருக்காங்கன்னு அர்த்தமில்ல. சில சாதாரண மருந்துகூட தப்பா பாசிட்டிவ் காட்டும். ஒரு ஆளு நம்பிச் சொல்ற வார்த்தை அந்த டெஸ்ட் பட்டையை விட எனக்குப் பெரிசு.

ஓவர்டோஸ் ஆபத்து யாருக்கு அதிகம்?

தினமும் போடுறவங்களுக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஆனா கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் ரொம்ப பயப்படணும். டீ-அடிக்ஷன் சென்டர்ல இருந்து வெளிய வந்தவங்க, ஜெயில்ல இருந்து வந்தவங்க, ஒரு மாசம் ஆஸ்பத்திரில படுத்திருந்தவங்க. உடம்புக்குப் பழைய தாங்குற சக்தி போயிருக்கும், மனசு மட்டும் பழைய அளவையே கேக்கும், அதே அளவைப் போட்டதும் மூச்சு நின்னுடும். அதனால "கடைசியா எப்ப எடுத்தீங்க, நடுவுல எத்தனை நாள் விட்டிருந்தீங்க"ன்னு கட்டாயம் கேப்போம்.

அடுத்தது கலந்து போடுறது. போதை தர்ற வலி மாத்திரையோட தூக்க மாத்திரை, ரெண்டோடயும் குடி, இது மூணும் தனித்தனியா மூச்சை மெதுவாக்குறது, சேர்ந்தா மூச்சை நிறுத்துறது. நம்ம பக்கம் இப்ப இளவட்டப் பசங்க டபென்டடால் வலி மாத்திரையை ஊசியாப் போட்டுக்கிட்டு வர்றாங்க, வலிப்பு வந்து வர்றாங்க, ஊசி போட்ட கை வீங்கிச் சீழ் பிடிச்சு வர்றாங்க, ஊசியைப் பங்கு போட்டா எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை சி வகை ரெண்டும் வரலாம், அதனால அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் கேக்கணும். தனியாப் போடுறவங்க, மூச்சு நோய் இருக்கிறவங்க, வாழப் பிடிக்கலைன்னு சொல்றவங்க இவங்களும் இந்த லிஸ்ட்தான்.

எல்லாத்தையும் விட, ஏற்கனவே ஒரு தடவை ஓவர்டோஸ் ஆகிப் பொழைச்சவங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின், டபென்டடால் மாதிரி வகை, ஓவர்டோஸ் ஆகி எமர்ஜென்சில பொழைச்ச 11,557 பேரைத் தொடர்ந்து பார்த்திருக்காங்க, ஒரு வருஷத்துக்குள்ள 635 பேர் செத்துட்டாங்க, அதுல 130 பேர் முதல் மாசத்துலயே, 29 பேர் முதல் ரெண்டு நாள்லயே. நாம "பொழைச்சுட்டான்பா"ன்னு மூச்சு விடுற அந்த ரெண்டு நாள்.

ஊசி போட்டதும் எழுந்து உக்காந்துட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம், தயவு செஞ்சு வேண்டாம். ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கிற நலோக்சோன் ஊசி போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணைத் திறந்துடுவாங்க, பார்க்க அதிசயமா இருக்கும். ஆனா அதோட வேலை 30ல இருந்து 90 நிமிஷம்தான், உள்ள போன மருந்து அதை விட நேரம் நிக்கலாம், வண்டியில போகும்போதே திரும்ப மூச்சு அடங்கிடும். அமெரிக்காவுல மூக்குல அடிக்கிற நலோக்சோன் ஸ்பிரேயை 2023ல சீட்டு இல்லாமலே கடைல விக்க அனுமதிச்சாங்க, அங்க வீட்டுக்கு அனுப்பும்போதே கையில குடுத்து அனுப்புறாங்க. இங்க நாங்க ஆஸ்பத்திரில ஊசியாத்தான் போடுறோம், வீட்டுல வச்சுக்க அப்படி ஒண்ணு சுலபமாக் கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

குடியை நிறுத்துறதுக்கு அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலந்து குடுத்தேன், அதையும் சொல்லணுமா?

அக்கா, அதைத்தான் முதல்ல சொல்லணும். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்புல இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் கிடுகிடுன்னு இறங்கும், இதயம் பலவீனமா இருந்தா உயிரே போகும். கடைசி மாத்திரை குடுத்து ரெண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கு. மாத்திரை தெரிஞ்சு, சம்மதிச்சு, குடிக்க மாட்டேன்னு முடிவு எடுத்தவருக்கு மட்டும் டாக்டர் குடுக்குறது அது. ஒருத்தர் அரை குவார்ட்டர் குடிச்சதுக்கே பிரஷர் 70க்கு இறங்கி வந்தாரு, நாங்க ஹார்ட் அட்டாக்னு ஈ.சி.ஜி. மேல ஈ.சி.ஜி. எடுத்துக்கிட்டு இருந்தோம், வீட்டம்மா மூலையில நின்னு முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்தாங்க, பக்கத்துல போய் "என்னம்மா"ன்னு கையைப் பிடிச்சப்புறம்தான் வந்துச்சு, ரசத்துல கலந்ததை. உங்களை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, வேற வழி தெரியாமத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா எங்ககிட்ட மறைக்காதீங்க.

கள்ளச்சாராயம் குடிச்சவர் நல்லாத்தானே நடந்து வர்றாரு, அட்மிஷன் எதுக்கு?

கள்ளச்சாராயத்துல கலந்திருக்கக்கூடிய மெத்தனால்ங்கிற விஷம் உடனே காட்டாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழிச்சுத்தான் வயித்து வலி, மூச்சு வாங்குறது, கண்ணு பனி மூடின மாதிரி தெரியறது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுக்கு முந்தின வருஷம்தான் விழுப்புரம், செங்கல்பட்டு பக்கம் இதே மாதிரி நடந்துச்சு. சீக்கிரம் வந்தா மாற்று மருந்து, டயாலிசிஸ் எல்லாம் இருக்கு, கண்ணும் பிழைக்கலாம். இங்க நாங்க கேக்குற முக்கியமான கேள்வி, "உங்க கூட உக்காந்து குடிச்சது யாரு?" அவங்க பேரைச் சொல்லுங்க, அவங்க வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கலாம்.

சின்னப் பசங்ககிட்டயுமா?

ஆமா. பஞ்சர் சொல்யூஷன், வைட்னர் மாதிரி முகர்ற போதை பெரியவங்களை விட சிறுவர்கள்கிட்ட அதிகம், 2019 கணக்குல சிறுவர்கள் 1.17, பெரியவங்க 0.58 சதவீதம். முகர்ந்த பையனைத் துரத்தக்கூடாது, அடிக்கக்கூடாது, அந்த நேரத்துல பயந்து ஓடினாலே இதயம் நின்னுபோகலாம்.

அடிக்கடி வாந்தின்னு வர்ற காலேஜ் பையன்கிட்ட கஞ்சா பத்தி ஏன் கேக்குறீங்க?

வருஷக்கணக்கா கஞ்சா இழுக்குறவங்களுக்கு விடாம வாந்தி வர்ற நோய் ஒண்ணு இருக்கு. சுடுதண்ணில குளிச்சா குறையுதுன்னு அவங்களே சொல்லுவாங்க. எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல்னு அலையுறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வி போதும்.

கேட்டுட்டு? அட்வைஸ் பண்ணி அனுப்பிடுவீங்க, அவ்வளவுதானே?

வெறும் அட்வைஸும் ஒரு சீட்டும் பத்தாதுன்னு 2015லயே ஒரு ஆராய்ச்சி காட்டிடுச்சு. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க ஓபியாய்டுக்கு அடிமையான 329 பேரை எமர்ஜென்சிலயே மூணு குழுவாப் பிரிச்சாங்க. வெறும் சீட்டு எழுதி அனுப்பினவங்கள்ல 37 சதவீதம், பேசி அனுப்பினவங்கள்ல 45 சதவீதம், அங்கயே ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிக்கிற புப்ரநார்ஃபின் மாத்திரையை ஆரம்பிச்சு அனுப்பினவங்கள்ல 78 சதவீதம் பேர் ஒரு மாசம் கழிச்சும் சிகிச்சைல இருந்தாங்க. நம்ம ஊர்ல அந்த மாத்திரை சாதாரண மெடிக்கல்ல கிடைக்காது, ஊசி போதை எடுக்குறவங்களுக்காக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல நடத்துற மையத்துலயும், டீ-அடிக்ஷன் சிகிச்சை தர்ற ஆஸ்பத்திரிலயும்தான் குடுப்பாங்க. அதனால நான் செய்யறது, மனநல டாக்டரை வார்டுக்கே வரச் சொல்லிக் கூப்பிடறது, "நாளைக்கு ஓ.பி.க்குப் போங்க"ன்னு சொன்னா பத்துல ஒருத்தர்கூட போறதை நான் பார்த்ததில்ல. 2025ல அரசு ஆஸ்பத்திரிங்கள்ல கலங்கரைன்னு பேர் வச்சு டீ-அடிக்ஷன் மையம் திறந்திருக்காங்க, சென்னையில டி.டி.கே. ஆஸ்பத்திரி ரொம்ப வருஷமா இதுக்குன்னே இருக்கு. போன்ல பேசணும்னா போதைக்கு 14446, மனசுக்கு டெலி மானஸ் 14416, ரெண்டுக்கும் காசு கிடையாது.

வீட்டுல ஒருத்தர் மயங்கிக் கிடந்தா, 108 வர்றதுக்குள்ள என்ன செய்யணும்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. மூச்சு ரொம்ப மெதுவா, குறட்டை மாதிரி கர்புர்னு வந்தா, உதடு நீலமாச்சுன்னா, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தா ஓவர்டோஸ்னு எடுத்துக்குங்க, "தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிடும்"னு விடாதீங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சே இல்லைன்னா 108ல பேசுறவங்க சொல்லச் சொல்ல நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க. உப்புத்தண்ணி, மோர், எலுமிச்சை எதையும் வாயில ஊத்தாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, அது நேரா நுரையீரலுக்குப் போகும்.

காலி அட்டை, பாட்டில், குப்பைத்தொட்டில கிடக்குறது எதுவா இருந்தாலும் அள்ளிட்டு வாங்க. ஒரு அம்மா பொண்ணு விழுங்கின பாராசிட்டமால் அட்டைங்களை முந்தானையில முடிஞ்சு கொண்டுவந்தாங்க, பொண்ணு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா, அந்த மாத்திரை முதல் நாள் பெரும்பாலும் பெருசா ஒண்ணும் காட்டாது, அப்புறம்தான் ஈரலைத் தின்னும். அட்டையில இருந்த ஓட்டையை எண்ணி, எத்தனை மணிக்குன்னு கேட்டு, எட்டு மணி நேரத்துக்குள்ள மாற்று மருந்தை ஏத்திட்டோம். நாலாவது நாள் அந்தப் பொண்ணு எங்க பெஞ்சுல உக்காந்து அம்மா கையால இட்லி சாப்பிட்டா.